மதுரைச் சத்திரத்தில் வந்த அம்மாள்

நமது வயதுக்காரர்கள் எல்லாரும் இப்போது கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குப் போய் வருகிறீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போட்டுத் தருகிறார்கள். நீங்கள் காலையில் விமானம் ஏறி மத்தியானம் மதுரையில் சாப்பிடுகிறீர்கள். திரும்பி வந்து புளியந்தீவுக் கடைத்தெருவில் என்னைக் கண்டால் வெயிலில் நிற்க வைத்து, கைபேசியில் கோபுரம் கோபுரமாகத் தள்ளிக் காட்டுகிறீர்கள். போன கிழமை ஒருத்தி, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், "நீ மதுரை கண்டிரிக்கியாகா?" என்று கேட்டாள். கண்டிருக்கிறேன். உங்கள் எல்லாருக்கும் முந்தி, கப்பலில் போய்க் கண்டவள் நான். கோபுரத்தைவிட அங்கே ஒரு சத்திரத்துக் கட்டிலைத்தான் நன்றாகக் கண்டேன். அந்தக் கதையை நடுத்தெருவில் நின்று சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

சூறாவளி அடித்து மூன்று வருடம் இருக்கும். நமது பக்கத்துத் தென்னைகள் தலையில்லாமல் நின்ற காலம் என்றால் உங்களுக்கு விளங்கும். அந்தச் சூறாவளி அன்று பின்னேரம் என் பெரியப்பா, அதாவது அம்மாவின் அக்காவுடைய புருசன், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று தோணியில் போனார். மாடுகள் பிழைத்தன. தோணியைக் கரையோரக் கண்ணா மரக் காட்டுக்குள் இருந்து எடுத்தார்கள். பெரியப்பா வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

உடல் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முப்பத்தோராம் நாள் செய்ய வேண்டியதைச் செய்யப் பெரியம்மா விடவில்லை. தாலிக்கொடி கழுத்தில் இருந்தது, பொட்டு நெற்றியில் இருந்தது. ஊருக்கு அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது. ஒரு பிள்ளை பெரியவளாகிச் சாமத்திய வீடு வந்தால் பெரியம்மாவை அழைப்பதா விடுவதா, அழைத்தால் ஆலாத்தி எடுக்கச் சொல்வதா வேண்டாமா என்று வேலிக்கு வேலி குசுகுசுத்தார்கள். பெரியம்மாவுக்கு அதெல்லாம் நன்றாக விளங்கும். அதனால் அவர் ஒரு வீட்டுக்கும் போவதில்லை. பிள்ளைகளும் இல்லை. நான்தான் அவர் பக்கத்தில் படுப்பேன்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் ஒரு சொல் சொன்னால் தகப்பன்கூட மறுக்க யோசிப்பார். என் மாமா, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மூத்த அண்ணன், போதாக்குறைக்கு எங்கள் அம்மாள் கோயிலின் வண்ணக்கர். கோயில் திறப்பு, சடங்கு, வரவு செலவு எல்லாம் அவர் பொறுப்பு. பொய் பேசமாட்டார், பேசுகிறவர்களோடு சேரவும் மாட்டார். அவர்தான் ஒரு முடிவு சொன்னார். காசிக்குப் போய்ப் பெரியப்பாவுக்கு எல்லாம் செய்து, தாலியையும் அங்கேயே கழற்றிக் கங்கையில் விட்டுவிட்டு வந்தால் அவரும் கரையேறுவார், தங்கையும் இப்படி இரண்டுங்கெட்டானாக நிற்க வேண்டியதில்லை என்றார். சொல்லும்போது மாமாவும் அழுதார். கெட்ட மனிதர் இல்லை. தங்கையைக் கரை சேர்க்கிறேன் என்று நிச்சயமாக நம்பினார்.

பெரியம்மா ஓம் என்றார். என்னையும் கூட்டிப் போனால் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். அப்பா வட்டையில் வெள்ளாமை பார்க்க நின்றுவிட, மாமா, அம்மா, பெரியம்மா, நான் என்று நாலு பேர் வெளிக்கிட்டோம். காசி எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகத் தேவையில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்தப் பயணத்தில் எனக்கு வாசனைகள்தான் நிற்கின்றன. மாகோவில் இறங்கி மாறிய ரயிலில் கரித்தூளும் அவித்த சோளமும் மணத்தன. தலைமன்னார் இறங்குதுறையில் கருவாடு. கப்பலில் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் கராம்பும் சவர்க்காரமும் மணத்தன, அங்கே கொண்டுபோய் விற்பதற்காக. எங்கள் மூட்டையில் விற்கிற சாமான் ஒன்றும் இல்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு மூட்டை அவல், சுருட்டிக் கட்டின பன்பாய் இரண்டு. ராமேசுவரத்துச் சுங்கக்காரர் பன்பாய்க்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "பாயெல்லாமா கொண்டு வருவீங்க, எங்க ஊர்ல பாய் இல்லையா?" என்று சிரித்தார். அவர் சிரித்த அந்தப் பாய்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

காசிக்குப் போகிற யாத்திரைக் கூட்டம் ஒன்று மதுரையிலிருந்து ரயிலில் புறப்படுவதாக இருந்தது. அதில் எங்களுக்கும் இடம் எடுத்திருந்தார்கள். அது புறப்படும்வரை நாலைந்து நாள் மதுரையில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். ஒரே அறை. சிமெந்துத் தரை. சுவரோரம் கயிற்றுக் கட்டில் ஒன்று. கட்டில் எனக்கு என்று உடனே ஏறிப் படுத்துக்கொண்டேன். ஒருவரும் போட்டிக்கு வரவில்லை. மற்ற மூன்று பேரும் தரையில் பன்பாய் விரித்துப் படுத்தார்கள்.

மதுரை எல்லாருக்கும் மீனாட்சியின் ஊர். எங்களுக்கு அப்படியில்லை. வைகாசி பிறந்து கோயில் கதவு திறந்தால் எங்கள் அம்மாள் மதுரையை எப்படி எரித்தா என்று மாமாவும் மற்றவர்களும் பாடிப் பாடி நாங்கள் கேட்டு வளர்ந்தவர்கள். எரிந்த ஊரைக் குளிர வைக்கத்தான் ஆண்டுதோறும் குளிர்த்தி செய்கிறோம். ஆகவே நான் கரிக்கட்டையாக ஒரு ஊரை எதிர்பார்த்துப் போனேன். இறங்கிப் பார்த்தால் ரிக்சாக்களும் சினிமாத் தட்டிகளும் இட்டலிக் கடைகளும். எனக்குப் பெரிய ஏமாற்றம். பெரியம்மா விடவில்லை. ரிக்சாக்காரரிடம், "தம்பி, எரிஞ்ச பக்கம் எது?" என்று கேட்டார். அவர், போன மாதம் தீப்பிடித்த துணிக்கடையைக் கேட்கிறார்கள் என்று எண்ணி, அரைக்கட்டை தூரம், அரை மைல் இருக்கும், சும்மா மிதித்துக் கொண்டுபோய்க் காட்டினார்.

மீனாட்சி கோயிலுக்குள் ஒரு தூண் கன்னங்கரேல் என்றிருந்தது. பெரியம்மா விரலால் தொட்டு, கரியை மாமாவிடம் நீட்டிக் காட்டினார். இது விளக்குப் புகை, ஊர் சிரிக்கப் பண்ணாதே என்று மாமா அடிக்குரலில் ஏசினார். ஆனால் நாங்கள் திரும்பி நடக்கும்போது மாமாவும் அந்தத் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் கண்டேன்.

நாயக்கர் மகாலில் தூணைக் கட்டிப் பிடித்துப் பார்த்தேன், என் கை பாதிக்கும் எட்டவில்லை. தெப்பக்குளத்துப் படியில் இருந்து பருத்திப்பால் குடித்தோம். சுக்குக் காரம் மூக்கில் ஏறி எனக்குக் கண்ணீர் வந்தது. எல்லா இடத்துக்கும் அம்மாதான் இழுத்துக்கொண்டு போனா. மாமாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போகிற காரியம் என்ன, இடையில் இந்த வேடிக்கை என்ன என்று முணுமுணுத்தார். புதுமண்டபத்து வளையல் கடையில் அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடி வளையல் போட்டுப் பார்த்தபோது மாமா வாய்விட்டே வேண்டாம் என்றார். அம்மா அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப் போய், "போடட்டும் அண்ணன். இனி எப்ப போடப் போறா?" என்றா. மாமா எதிரே பாத்திரக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பச்சை வளையல்கள். பிறகு மல்லிகைப்பூ. மதுரை மல்லிகையை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தக் கட்டும் மணமும் வேறெங்கும் இல்லை. அம்மா முழம் முழமாக வாங்கிப் பெரியம்மாவின் கொண்டையைச் சுற்றிச் சுற்றி வைத்தா, கல்யாணப் பெண்ணுக்கு வைப்பதைப் போல. பெரியம்மா குனிந்துகொண்டு இருந்தார். எனக்கும் வைத்தார்கள். சந்தோசத்தில் நான், ஒரு வெள்ளிக் கொலுசும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். எங்கள் அம்மாளின் புருசனை இந்த ஊரில் வெட்டினதே ஒரு காற்சிலம்பின் பேரில்தானே. அந்த ஊரில் நின்றுகொண்டு எங்கள் ஆள் யாராவது கொலுசு வாங்குவார்களா?

அடுத்த நாள் காலையில் என் கழுத்திலும் கையிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. முதல்நாள் வெயிலில் திரிந்ததில் உடம்பும் கொஞ்சம் சுட்டது. அம்மா யன்னலைத் திறந்து ஒரு தரம் பார்த்தா. தொடப்போன கையை அப்படியே இழுத்துக்கொண்டா.

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் நமது பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் உடம்பில் இப்படி எழும்பினால் அது அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய். வருத்தம் என்றுகூட உரத்துச் சொல்வதில்லை, அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். டாக்டரிடம் காட்டுவதில்லை. கிட்டப் போய் உற்றுப் பார்ப்பதில்லை. அம்மாளை அப்படி மேய்ந்து பார்ப்பது மரியாதை இல்லை. வெள்ளை விரித்து, வேப்பிலை போட்டு, தண்ணீர் வார்க்கும்வரை அந்த வீட்டார் ஓரிடமும் வெளிக்கிடக் கூடாது. கோயில் குளம் கூடாது. திதி திவசம் எதுவும் கூடாது. ஆகவே என்னை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தத் தடிப்புகள் ஒரே நேர்கோட்டில் வரிசையாக ஏறியிருந்ததைக் கண்டிருப்பார்கள்.

மாமா தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கும்பிட்டார். கணக்குப் பிழைத்தால் காதைத் திருகுகிற மாமா என்னைக் கும்பிட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குச் சொறிய வேண்டும் போல் இருக்கிறது என்றேன். மூன்று பேரும் பதறிப்போய்க் கையைப் பிடித்தார்கள். அன்று முழுக்க எனக்கு இருந்த ஒரே துன்பம் அதுதான். கை இரண்டும் வெறுமனே இருக்க, உடம்பு முழுக்கத் தினவெடுக்க, சாமி மாதிரி அசையாமல் கிடந்தேன்.

சத்திரத்து மனேஜருக்குத் தெரிந்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார் என்று அம்மா வேப்பிலையைச் சேலைக்குள் ஒளித்துக் கொண்டு வந்தா. என்னைக் கட்டிலிலிருந்து இறக்கி, பன்பாயை விரித்து, அதன்மேல் மாமாவின் துவைத்த வேட்டியைப் போட்டுக் கிடத்தினார்கள். மாமா கதவைச் சாத்திவிட்டுக் குளிர்த்திப் பாட்டைச் சத்தம் வெளியில் போகாமல் பாடினார். அம்மாள் எரித்த ஊரை ஒரு திருவிழா மாதிரி வேடிக்கை பார்த்துத் திரிந்தோமே, அதுதான் குற்றம் என்றார். வளையல்தான் குற்றம் என்று அம்மா நினைத்தா. நான் கொலுசு கேட்டதுதான் என்று எனக்கு நிச்சயம்.

பெரியம்மா எந்தக் குற்றமும் சொல்லவில்லை. என் பக்கத்தில் இருந்து வேப்பிலையால் விசிறினார். அம்மாள் வந்த பிள்ளையை விட்டுவிட்டு ஒருவரும் காசிக்குப் போக முடியாது, நாளைக்கு யாத்திரை ரயில் எங்களை விட்டுவிட்டுத்தான் போகும், தண்ணீர் வார்த்தபின் நேரே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று மாமா சொன்னபோது பெரியம்மா தலையை மட்டும் ஆட்டினார். அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். பின்னேரம் எனக்குக் கதை சொன்னார். பெரியப்பா கல்யாணம் முடித்த புதிதில் இவர் வைத்த சொதியைக் குடித்துவிட்டு, வாவித் தண்ணியில் இதைவிட உப்புக் குறைவு என்றாராம். சொல்லிவிட்டுப் பெரியம்மா சிரித்தார். மூன்று வருடமாகப் பெரியப்பாவின் பேச்சை எடுக்காதவர். அக்கா பிள்ளையைத் தேற்றுவதற்காகத் தன் கவலையை மறைத்துச் சிரிக்கிறா என்று அம்மா மாமாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டா. பெரியவர்கள் எவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எவ்வளவு பிழையாகப் பார்க்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

கட்டில் சும்மா கிடந்ததால் அன்று மாமா அதில் படுத்தார். சிமெந்துத் தரை அவருக்கு இடுப்பில் குத்தியது.

விடிந்தபோது என் தடிப்பெல்லாம் அடங்கிப் போயிருந்தது. மாமா எழும்பி முதுகைச் சுவரில் தேய்த்தார். அம்மா அவர் முதுகைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தா. கழுத்திலிருந்து இடுப்புவரை தடிப்பு. வண்ணக்கர் மேலேயே அம்மாள் வந்துவிட்டா என்றால் எவ்வளவு பெரிய பிழை நடந்திருக்க வேண்டும்? மாமா அப்படியே கிழக்குப் பார்த்துக் கைகூப்பி நின்றார். அவர் நிற்க, அவர் இடுப்பிலிருந்த வெள்ளை வேட்டியில், தொடைக்கு மேலே, தடித்த சிவத்த மூட்டைப்பூச்சி ஒன்று ஆறுதலாக நடந்து போனது.

அம்மா அதைப் பார்த்தா. நானும் பார்த்தேன். அம்மா இரண்டு விரலால் பிடித்து நசுக்கினா. அந்த நாற்றம் அறை முழுக்கப் பரவியது. பிறகு கட்டிலைச் சாய்த்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினா. கயிற்று இடுக்கிலிருந்து மழை பெய்தது போலக் கொட்டின. எங்கள் அம்மாள் இத்தனை பேராக வந்திருக்கிறா என்று நாங்கள் நினைக்கவேயில்லை.

மாமா முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். நிற்க முடியாமல் தகரப் பெட்டியின்மேல் இருந்து சிரித்தார். பூச்சிக்கல்லவா குளிர்த்தி பாடினேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா அழுதுகொண்டே சிரித்தா. நான் பத்து விரலாலும் உடம்பெல்லாம் சொறிந்தேன். அதைப்போல ஒரு சுகம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அம்மாள் எங்களைக் கைவிடவில்லை, காசிக்குப் போகலாம் என்று மாமா எழும்பினார்.

பெரியம்மா சிரிக்கவில்லை. பாயின் ஓரத்தில் வேப்பிலையைக் கையில் வைத்தபடி இருந்தார்.

"அப்ப அம்மாள் மறிக்கல்ல," என்றார்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. என்னக்கா என்று கேட்டா.

"அம்மாள்தான் மறிச்சிட்டா எண்டு நெனச்சன் தங்கச்சி. நேத்து முழுக்க மனசு ஆறி இரிந்தன். இனிப் போகத்தானே வேணும்."

நேற்றைய சோறும் சிரிப்பும் கதையும் எதற்காக என்று அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். போய்ப் பெரியம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டா. மாமா மெல்லிய குரலில், மூன்று வருடம் ஆகிவிட்டது, அவர் இனி வரமாட்டார், உன்னுடைய நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றார்.

"வரமாட்டார் எண்டு எனக்கும் தெரியும் அண்ணன். நான் என்ன மடச்சியா?" பெரியம்மா தாலிக்கொடியை உள்ளங்கையால் மறைப்பது போலப் பிடித்துக்கொண்டார். "காசிக்கு வாறன். கங்கையில முழுகிறன். இதில மட்டும் ஆரும் கை வைக்காதீங்க. அம்மாளுட புருசன இந்த ஊரிலதானே வெட்டினவங்க? அது தெரிஞ்சும் வருசா வருசம் நீங்கதானே முன்னுக்கு நிண்டு அவக்குக் கல்யாணக்கால் நடுறீங்க. அவவக் கழட்டச் சொல்லி நீங்க ஒரு நாளும் கேக்கல்லியே."

கல்யாணக்கால் என்றால் உங்களுக்குத் தெரியும். வைகாசிச் சடங்கில் அம்மாளுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறோமே, அதற்காக மரக்கால் வெட்டி வந்து, மஞ்சள் பூசி, பட்டுக் கட்டி நடுவது. எங்கள் கோயிலில் அந்தக் காலை மாமா தன் தோளில் சுமந்து வருவார். புருசன் செத்த கதையையும் அவர்தான் பாடுவார், கல்யாணக்காலையும் அவர்தான் நடுவார். இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் அவர் யோசித்துப் பார்த்திருக்கமாட்டார். நாங்களும்தான் யோசிக்கவில்லை.

மாமா வெளியே குழாயடிக்குப் போய்க் கனநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து, "சாமானக் கட்டுங்க. சுணங்கினா வண்டி போயிரும்," என்று மட்டும் சொன்னார். அது ஓமா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்படியே தெரியாமல்தான் காசிவரை போனோம். வடக்கே போகப் போக வெளியில் பேச்சு மாறியது, சாப்பாடு மாறியது, தேநீரை மண்சட்டியில் தந்தார்கள். மாமா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பெரியம்மா நித்திரையிலும் ஒரு கையைக் கழுத்தில் வைத்திருந்தார். அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தா. எனக்கும் அப்போது விசயம் விளங்கிவிட்டது. ஒரு தரம்கூட விளையாடக் கேட்கவில்லை.

காசியில் படித்துறையில் இருந்த ஐயருக்குத் தமிழ் தெரியும். நமது பக்கத்து ஆட்களுக்குச் செய்து செய்து பழகினவர். மாமா முழுகிவிட்டு ஈர வேட்டியோடு தர்ப்பைப் புல்லை விரலில் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தார். ஐயர் பிண்டத்துக்கு மாவைப் பிசைந்தபடி, பின்னால் நின்ற பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தார். இந்த அம்மாவுக்கு ஆத்துக்காரர் எங்கே என்று கேட்டார். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தா, நகம் பதிந்தது.

மாமா கங்கையைப் பார்த்தார்.

"அவர் ஊரில நிக்கிறார்," என்றார். "வேலை. வரக் கிடைக்கல்ல. இது எங்கட தாய் தகப்பனுக்கு."

ஐயர் சரி என்று தலையாட்டிவிட்டு மாவைப் பிசைந்தார். என் தோளில் இருந்த பிடி தளர்ந்தது. பெரியம்மா மாமாவின் முதுகைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மூட்டைப்பூச்சி கடித்த தடம் இன்னும் ஆறாமல் இருந்த முதுகு. பிறகு வளையல் சத்தம் கேட்கப் படியில் இறங்கிப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முழுகினார். எழும்பும்போது சிரித்துக்கொண்டுதான் எழும்பினார்.